பீர் தொட்டிகளுக்கு நடுவே ஒரு சாமி

குடியை விட்டவனைப் பீர் காய்ச்சும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற யோசனை அந்த மூன்று பேரில் யாருக்கு முதலில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஃபோனில் சொன்னவன் விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். "சும்மா சுத்திப் பாக்கத்தான்டா. நீ ஒண்ணும் குடிக்க வேணாம். ஸ்கூல்ல படிக்கறப்ப சக்கரை ஆலைக்கு இட்டுனு போவாங்கல்ல, அந்த மாதிரி வச்சிக்க" என்றான். கோபப்பட வேண்டிய பேச்சு. நான் கோபப்படவில்லை. ஃபோன் வந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

நாங்கள் நால்வரும் காலேஜில் ஒரே பெஞ்ச். டைல்ஸ்காரன் ஒருவன். கடலூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பவன் இன்னொருவன். மூன்றாமவனுக்கு பேங்கில் வேலை, இங்கேயே பாண்டிச்சேரியில், லாஸ்பேட்டையில் வீடு. நான் முதலியார்பேட்டை. அப்பா மில்லில் இருந்தார், நான் ஒரு அரசாங்க ஆபீஸில் கோப்பு தள்ளுகிறேன். இந்த மூன்று பேரைத் தவிர எனக்கு நண்பர்கள் கிடையாது. ஆபீஸில் இருப்பவர்கள் ஆபீஸில் இருப்பவர்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்காரனுக்குப் பாண்டிச்சேரியில் ஒரு சிநேகிதன் இருந்தால், அந்தச் சிநேகிதன் என்ன வேலை பார்க்கிறான், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு. எந்தக் கடையில் பீர் சில்லென்று இருக்கும், எந்த பாரில் மீன் வறுவல் சூடாக வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாண்டிச்சேரி என்று சொன்னதும் எதிரில் இருப்பவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். திருப்பதி க்யூவில் நின்றபோதுகூட எனக்கு அந்தச் சிரிப்பு கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் எரிச்சல்படுவார்கள். எனக்குப் பிடித்திருந்தது. சனி ஞாயிறானால் விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் என்னைத் தேடி வந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த உத்தியோகத்தைச் சம்பளம் இல்லாமல் மனப்பூர்வமாகப் பார்த்தேன்.

போன வருஷம் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஈரல் சுருங்கிப் போயிருக்கிறது என்றார் டாக்டர். "இனிமே ஒரு வாய் கூடாது. கல்யாணம், கருமாதி, பொறந்த நாள், எதுக்கும் கூடாது. மறுபடி உள்ள போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று என் மனைவியைப் பார்த்தே சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று நினைத்திருப்பார். விட்டுவிட்டேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. பயத்தில் விட்டேன்.

கை நடுக்கம் போகும், பசி எடுக்கும், தூக்கம் வரும் என்றெல்லாம் டாக்டர் சொன்னார். எல்லாம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. முதல் மாதம் மூவரும் ஆரஞ்சுப் பழமும் ரொட்டியுமாக வந்து பார்த்தார்கள். பிறகு ஃபோன். பிறகு ஃபோனில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். பிறகு அதுவும் நின்றது. நானாகக் கூப்பிட்டால் எடுப்பார்கள். "இந்த வாரம் வேலைடா" என்பார்கள். விழுப்புரத்திலும் கடலூரிலும் லாஸ்பேட்டையிலும் எப்படியோ ஒரே வாரத்தில் வேலை வந்துவிடும். நான் மாடி வராந்தாவில் நாற்காலியைப் போட்டு, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பிழைத்திருக்க வேண்டாமோ என்று சில ஞாயிறுகளில் நினைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளே கொன்றிருப்பாள்.

அதனால்தான் டைல்ஸ்காரன் கூப்பிட்டதும் சரி என்றேன். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. குடி இல்லாத என்னை இவர்களுக்கு வேண்டுமா, வேண்டாமா. பீர் ஆலையாக இருந்தால் என்ன, சுடுகாடாக இருந்தால் என்ன, போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"பீர் பேக்டரிக்கா? புத்தி கித்தி இருக்குதா உங்களுக்கு?" என்றாள் மனைவி. மறுநாள் அவளாகவே, "போய்ட்டு வாங்க. ஆளுங்களப் பாத்தாலாவது மூஞ்சி தெளியுதான்னு பாப்போம்" என்றாள். "ஆனா நைட்டு சாப்பாட்டுக்கு எல்லாரையும் இங்க இட்டுனு வந்துடணும்." ஞாயிறு காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரமும் சுறாவும் வாங்கி வந்தாள். என்னை வரவேண்டாம் என்றாள். நான் கூட வந்தால் மீன்காரிகள் என்னிடம் நலம் விசாரித்தே விலையை ஏற்றிவிடுவார்களாம்.

மூன்று மணிக்கு மேல் கார் வந்தது. டைல்ஸ்காரன் இறங்கி வந்து முன்கதவைத் திறந்துவிட்டு, கையை நீட்டி, "வாங்க சாமி" என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த வாத்தியாரும் பேங்க்காரனும் கைகூப்பி, "சாமியே சரணம்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்கு பேர் போகிற காரில் எனக்கு முன்சீட்டு கிடைத்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் பின்னால் கதவோரம் நசுங்கிக்கொண்டு போகிறவன் நான்தான்.

இந்தச் 'சாமி'யைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கார்த்திகையில் மலைக்கு மாலை போட்டவனைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட குடிகாரனும் கிளாஸைக் கீழே வைத்துவிடுவான். கெட்ட வார்த்தையை விழுங்கிவிடுவான். நேற்றுவரை 'டேய்' என்றவன் இன்று 'வாங்க சாமி, உக்காருங்க சாமி' என்பான். வாத்தியார் வருஷா வருஷம் மாலை போடுகிறவன். அந்த ஒரு மண்டலமும் அவன் எதிரில் நாங்கள் யாரும் பாட்டிலைத் திறந்ததில்லை. அவன் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றும் நாளில் எங்கள் மாடியில் அவனுக்காகவே எல்லாம் தயாராக இருக்கும். குடிக்காமல் இருக்கும் ஒருவனை எப்படி நடத்த வேண்டும் என்பதில் என் நண்பர்களுக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். மரியாதை கொடுப்பது, காத்திருப்பது. நல்ல வழிதான், மாலையைக் கழற்றுகிற நாள் என்று ஒன்று இருந்தால். இது சித்திரை மாதம். என் கழுத்தில் ஒன்றும் இல்லை.

அந்த இடம் உப்பளம் பக்கம், பழைய துறைமுகக் கிடங்குகளைத் தாண்டி இருந்தது. அதுவும் ஒரு காலத்தில் கிடங்குதான். மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, பிரெஞ்சில் பெயர் எழுதியிருந்தார்கள். டைல்ஸ்காரன் அதைத் தெலுங்குப் படப் பெயர் மாதிரி படித்தான். கீழே பீர் காய்ச்சும் கூடம், மேலே உட்கார்ந்து குடிக்கிற இடம். சுற்றிக் காட்ட வந்தவர் அங்கே பீர் காய்ச்சுகிறவர். திண்டிவனத்துக்காரர், பெங்களூரில் வேலை கற்றவராம். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். தரையெல்லாம் ஈரம்.

முதலில் ஒரு சாக்கைத் திறந்து எங்கள் கையில் ஆளுக்குக் கொஞ்சம் தானியம் போட்டார். முளைகட்டி வறுத்த பார்லி. மென்றால் பொட்டுக்கடலைக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு ருசி. இன்னொரு சாக்கில் இருந்தது கறுப்பாக, காபிக்கொட்டை மாதிரி கசந்தது. "இத அரைச்சு, சுடுதண்ணில ஊற வச்சா, இனிப்பெல்லாம் தண்ணில எறங்கிடும்" என்று ஒரு பெரிய எவர்சில்வர் அண்டாவைத் திறந்து காட்டினார். ஆவி முகத்தில் அடித்தது. எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஆவியில் என்ன இருக்கிறது, மூச்சில் உள்ளே போனால் கணக்கில் வருமா என்று யோசித்தேன். கேட்க வெட்கம். ஆனால் வந்த வாசனை பீர் வாசனை இல்லை. கேழ்வரகுக் கூழ் காய்ச்சும் வாசனை. பிழிந்து எடுத்த சக்கையை மூட்டை கட்டி வெளியே ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வில்லியனூர்ப் பக்கத்து மாட்டுப் பண்ணைகளுக்குப் போகிறதாம்.

"அப்ப மாடு நம்மளவிட நல்லா சாப்பிடுது" என்றான் டைல்ஸ்காரன். எல்லாரும் சிரித்தோம். அந்த நிமிஷம்வரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாத்தியார் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றான். எத்தனை மாதமாயிற்று ஒருவன் என் தோளில் கை போட்டு. போதும், இது போதும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த அறையில் ஆளுயரத் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் கீழே இறங்கி, தரையில் இருந்த பிளாஸ்டிக் வாளித் தண்ணீருக்குள் முங்கியிருந்தது. வாளிகளில் குமிழி வந்துகொண்டே இருந்தது. ஈஸ்ட் இனிப்பைத் தின்றுவிட்டு விடுகிற மூச்சு அது என்றார் அவர். அங்கேதான் பீர் வாசனை வந்தது. வாயில் எச்சில் ஊறியது. ஒரு வருஷமாக நான் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்று என் தொண்டைக்குள் எழுந்து உட்கார்ந்தது. வெளியே போய் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மூவரும் கூடவே வெளியே வந்து நின்றுவிடுவார்கள். அதனால் நின்றேன். வாளியில் வரும் குமிழிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுற்றிப் பார்த்து முடிந்ததும் மேலே போனோம். ஒரு மரப்பலகையில் குழி வெட்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்னக் கிளாஸ் வைத்துத் தருவார்கள். நான்கு வகை பீர், ருசி பார்ப்பதற்கு. டிக்கெட்டிலேயே அது சேர்த்தி. பலகைகளைக் கொண்டுவந்து வைக்கப்போன நேரத்தில் வாத்தியார் கையை உயர்த்தி, வகுப்பை நிறுத்துவது போல நிறுத்தினான்.

"வேணாங்க. இங்க சாமி இருக்காரு. அவரு குடிக்காதப்ப நாங்களும் குடிக்கறதில்ல."

பேங்க்காரனும் டைல்ஸ்காரனும் அவனைப் பார்த்தார்கள். இது முன்கூட்டிப் பேசி வைத்ததில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஆனால் மாலை போட்டவன் இருக்கும் இடத்தில் ஒருவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டால் அடுத்தவன் எடுக்க முடியாது. இருவரும் தலையை ஆட்டினார்கள். "ஆமாமா, சாமி முன்னால நல்லாருக்காது" என்றான் டைல்ஸ்காரன். அவன் குரலில் உயிரே இல்லை.

"டேய், குடிங்கடா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

"ஐயோ, சாமி, அதெல்லாம் கூடாது" என்றான் வாத்தியார். அவனுக்குக் கண்ணே கலங்கியிருந்தது. தியாகம் செய்கிறவன் முகம்.

பீர் காய்ச்சுகிறவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நல்ல மனிதர். ஈஸ்ட் போடாத சாறு கீழே இருக்கிறது, இன்றைக்குக் காய்ச்சியது, அதில் ஆல்கஹால் கிடையாது என்று சொல்லி, நான்கு பெரிய மக்குகள் நிறைய ஊற்றிக்கொண்டு வந்தார். வெதுவெதுவென்று இருந்தது. பழுப்பு நிறம், வெல்லப்பாகு மாதிரி இனிப்பு, கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு. ஒரு வாய் குடிக்கலாம். ஒரு மக் குடிப்பதென்றால் தண்டனை. டைல்ஸ்காரனுக்குச் சுகர் இருக்கிறது. இரண்டு வேளை மாத்திரை போடுகிறவன். அவன் அந்த மக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "சரணம் ஐயப்பா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

பேச்சு தொடங்கவில்லை. அதுதான் நடந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. நான்கு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், எங்கள் யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. வாத்தியார் தன் பெண்ணின் கோச்சிங் பற்றிச் சொன்னான். நாங்கள் "ஓ" என்றோம். பேங்க்காரன் புது மேனேஜரைப் பற்றி ஒரு வரி சொன்னான். டைல்ஸ்காரன் இப்போதெல்லாம் யாரும் பளபளக்கிற டைல்ஸ் கேட்பதில்லை, மங்கலானதுதான் கேட்கிறார்கள் என்றான். நான் என் மாத்திரைகளைப் பற்றிச் சொன்னேன். கடவுளே, நான் மாத்திரையைப் பற்றிப் பேசினேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ராத்திரி ஆரம்பித்து விடியும்வரை மூச்சுவிடாமல் பேசியவர்கள் நாங்கள். என்னத்தைப் பேசினோம் அத்தனை வருஷமும்? யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பக்கத்து மேஜைகளில் சென்னைப் பிள்ளைகள் கத்திக் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேஜையில் ஒரு ஈ வந்து சாற்றில் விழுந்தது. நால்வரும் அதைக் கவனமாகப் பார்த்தோம்.

"எப்ப வரைக்கும் சாமி?" என்று பேங்க்காரன் மெதுவாகக் கேட்டான்.

"எது?"

"இல்ல, இந்த... விரதம். டாக்டரு எப்ப வரைக்கும்னு சொன்னாரு?"

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. "விரதம் இல்லடா. மாலை போடல நானு. சாவுற வரைக்கும்டா. புரியுதா? சாவுற வரைக்கும் குடிக்க மாட்டேன்" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. சென்னைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூவருக்கும் அதுவரை தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். ஆனால் உள்ளுக்குள் எங்கேயோ ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். என்றைக்காவது ஒரு நாள் நான் கழற்றிவிடுவேன், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று. அந்தத் தேதி அவர்கள் முகத்திலிருந்து அழிந்ததை நான் நேரில் பார்த்தேன். டைல்ஸ்காரன் மக்கைத் தள்ளி வைத்தான். வாத்தியார் வாட்சைப் பார்த்தான்.

காரில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டு வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்கண்ணா, வாங்க. எல்லாம் ரெடி. சுறாப்புட்டு பண்ணியிருக்கேன்" என்றாள். வாத்தியார் கார் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "மன்னிச்சிக்கம்மா. கடலூர்ல ஒரு கல்யாண ரிசப்ஷன். இப்பவே லேட்டு" என்றான். டைல்ஸ்காரனுக்கு விழுப்புரத்தில் கடையில் சரக்கு இறங்குகிறதாம், ஞாயிற்றுக்கிழமையில். பேங்க்காரன் சிரித்தான். "வரோம் சாமி. ஒடம்பப் பாத்துக்கங்க சாமி" என்று மூவரும் கைகூப்பினார்கள். கார் போய்விட்டது.

மனைவி உள்ளே போய், ஒரு டிபன் கேரியரில் புட்டும் வறுவலும் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். "லாஸ்பேட்டை அண்ணன் இங்கதானே இருக்கறாரு, அவரு வூட்ல போய்க் குடுத்துட்டு வாங்க. அந்த அக்காவுக்குச் சுறாப்புட்டுன்னா உசுரு" என்றாள். சமைத்தது வீணாகக் கூடாது என்பதைவிட, நான் வீட்டில் உட்கார்ந்து அழக்கூடாது என்பதுதான் அவள் எண்ணம். எனக்குத் தெரியும்.

ஸ்கூட்டரை எடுத்தேன். முதலியார்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டைக்குப் போக உப்பளம் வழி இல்லை. அது கடல் பக்கம். இருந்தும் உப்பளம் போனேன். காற்று வாங்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மூவரும் ஆளுக்கொரு திசையில் போக வேண்டிய கார், எங்கள் தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் பார்த்திருந்தேன்.

கார் அந்த மஞ்சள் கட்டடத்தின் வாசலில் நின்றது.

உள்ளே போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கேரியர் கையில் இருந்தது. மாடிப்படியில் பாதி ஏறியதும் வாத்தியார் குரல் கேட்டது. என்னைப் போல நடித்துக்கொண்டிருந்தான். வீராம்பட்டினம் திருவிழாவுக்கு ஒரு வருஷம் நான் வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நல்ல போதையில் போக, யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து எனக்குச் சால்வை போட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். நான் அந்த ஊருக்குப் பாலம் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கதை. "சனங்க கை தட்டுது, இவன் கண்ணு கலங்கறான்டா, நெஜமாவே கட்டித் தரப்போறா மாதிரி!" டைல்ஸ்காரன் சிரித்துச் சிரித்து இருமினான். மேஜையை யாரோ தட்டினார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படியில் நின்றபடி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிறகு பேங்க்காரன் சொன்னது கேட்டது. "அந்த மாதிரி ஒருத்தன் கெடைக்க மாட்டான்டா. எவ்ளோ நல்லா இருந்தான்."

"இன்னாடா செத்தவனச் சொல்றா மாதிரி சொல்ற" என்றான் டைல்ஸ்காரன்.

"இருக்கறது வேற ஆளுடா" என்றான் பேங்க்காரன்.

அவர்கள் என்னைக் கேலி செய்யவில்லை. அதையாவது செய்திருக்கலாம். உள்ளன்போடு, ஒரு நல்ல சாவுக்கு வந்தவர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில படிகள்தான். மேலே போய் ஒரு கிளாஸைக் கையில் எடுத்தால் அவர்கள் தேடுகிற ஆள் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுவான். எனக்கும் அவனைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. அவர்களைவிட அதிகமாக. நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்த ஒருவர், "மேல எடம் இருக்குது சார், போங்க" என்றார். நான் திரும்பி இறங்கினேன். தைரியத்தில் இறங்கவில்லை. டாக்டர் முகம் நினைவுக்கு வந்தது.

ஸ்கூட்டரில் உட்கார்ந்ததும் துக்கம் போய் ஆத்திரம் வந்தது. சாமியாம் சாமி. கைகூப்பிவிட்டு வந்து இங்கே கிளாஸைத் தூக்குகிறான்கள். பேங்க்காரன் மனைவிக்கு அவன் குடிப்பது அறவே ஆகாது. முன்னெல்லாம் என் பெயரைச் சொன்னாலே சீறுவாள். நேரே போய்க் கேரியரைக் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் இந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறார் தெரியுமா அம்மா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். வழியெல்லாம் அந்த வார்த்தையை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும், "அண்ணே, வாங்க வாங்க" என்றாள். அந்த வீட்டில் எனக்கு அப்படி ஒரு வரவேற்பு அதற்கு முன் கிடைத்ததில்லை. கேரியரை வாங்கிக்கொண்டாள். பிறகுதான் முகம் மாறியது. "ஏண்ணே, அவரு உங்க வூட்லதானே இருக்கறாரு? தனியா வந்திருக்கீங்க?"

என் வீட்டிலா? நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஞாயித்துக்கெழமையானா உங்க வூட்லதான் குந்தினு இருக்கறாரு, ஒங்களுக்குத் தொந்தரவு இல்லியேண்ணே? நைட்டு ஆயிடுது சில நாளு. ஆனா உங்க கூட இருக்கறாருன்னா எனக்குப் பயமே இல்ல. நீங்கதான் சுத்தமா விட்டுட்டீங்களே. அவரையும் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்த வச்சிட்டீங்க. போன வருஷத்திலேந்து இந்த வூட்ல சண்டை இல்லண்ணே. உங்கள கும்புடணும்."

நிஜமாகவே கும்பிட்டாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது.

"எங்க வீட்லதாம்மா இருக்கான்" என்றேன். "மத்தவங்களும் வந்திருக்காங்க. பேசிட்டிருக்காங்க. ஆறிடும்னு உங்களுக்கு மட்டும் முன்னாலயே எடுத்துட்டு வந்தேன்."

"பத்து மணிக்குள்ள அனுப்பிடுங்கண்ணே."

"அனுப்பிடறேம்மா."

ஒரு வருஷமாக மாடி வராந்தாவில், மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு யாராவது கூப்பிடமாட்டார்களா என்று நான் உட்கார்ந்திருந்த அத்தனை ஞாயிறுகளிலும் அவர்கள் என் வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். நான்தான் அவர்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். கடலூரிலும் விழுப்புரத்திலும் இதே மாதிரி கதவைத் திறக்க இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், அவர்களும் என்னைக் கும்பிடுவார்கள். என்னை வேண்டுமா, வேண்டாமா என்றுதானே தெரிந்துகொள்ளப் போனேன். வேண்டும். குடிக்கிறபோது வேண்டியிருந்ததைவிட இப்போது அதிகமாக வேண்டும், நான் அங்கே வராமல் இருக்கிறவரை.

வீட்டுக்கு வந்தேன். குழம்பைச் சூடு செய்துகொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமையில் லாஸ்பேட்டையிலிருந்து ஃபோன் வந்தால், எல்லாரும் மாடியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடு என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். தட்டை எடுத்து வைத்தாள்.